இணைப்பு எங்கே அறுந்தது?

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. இத்துணைப் பெரிய நீர்நிலை கடலோடு கலக்கும் வாயில்கள் இரண்டே. ஒன்று பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம். மற்றொன்று தெற்கே கல்லாற்றுப் பக்கத்தில் உள்ளது. வறட்சிக் காலத்தில் மணல் திரண்டு முகத்துவாரத்தை அடைத்துவிடுவதுண்டு. அப்போதும் வாவிக்குள் நீர் இருக்கும்; தோணி ஓடும்; வலை வீசப்படும். கடலுக்குப் போகும் வழி மட்டும் இராது. அந்நிலையைக் கண்டு வாவியே வற்றிவிட்டது என்று கரையில் வாழும் எவரும் கூறார்.

கணினி வலையமைப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த வேறுபாடு மறந்துபோகின்றது. கணினியின் பணிசெயல் முறைமை இற்றைப்படுத்தப்பட்ட மறுநாட் காலையில் இணையத்தளம் ஒன்று திறக்கவில்லையெனில், "நெற் இல்லை" என்ற இரண்டு சொற்களோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. உண்மையில் அறுந்திருப்பது கணினிக்கும் ரூட்டருக்கும் இடைப்பட்ட வழியாக இருக்கலாம். ரூட்டருக்கும் வெளியுலகுக்கும் இடைப்பட்ட வழியாக இருக்கலாம். வழி யாவும் செவ்வனே இருக்க, பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் ஏற்பாடு மாத்திரம் தவறியிருக்கலாம். அன்றி, பக்கத்து அறைக் கணினியிலுள்ள கோப்புறைக்குப் புதிதாகப் பூட்டுப் போடப்பட்டிருக்கலாம். இவை நான்கும் வேறு வேறு நோய்கள். மருந்தும் வேறு வேறு. அறுந்த இடம் இன்னது என்று அறியுமுன் கைவைப்பவர், நல்ல நிலையில் இருந்த இடத்தையும் அறுத்துவிடுகிறார்.

இதனால் நேரக்கூடிய தீங்கு சிறிதன்று. வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என வழங்கும் இரு கரைகளிலும் பாடசாலைகள் பல உள்ளன. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பாடசாலை மாணாக்கரின் விண்ணப்பங்களை அதிபர் வாயிலாக நிகழ்நிலையில் பரீட்சைத் திணைக்களத்துக்கு அனுப்பும் முறை இன்று நடைமுறையில் இருக்கின்றது. அதற்கு இறுதித் திகதி ஒன்று உண்டு. படுவான்கரையின் உட்கிராமப் பாடசாலை ஒன்றின் அலுவலகத்தில் கணினி ஒன்றோ இரண்டோ, அச்சுப்பொறி ஒன்று, கைப்பேசிக் கோபுரத்தை நம்பியிருக்கும் ரூட்டர் ஒன்று என்பதே பெரும்பாலும் உள்ள வசதி. இறுதித் திகதிக்கு முதல்நாள் இணைப்பு அறுந்தால், பாதிக்கப்படுவது இயந்திரமன்று. வயலிலிருந்து வீடு திரும்பிய தந்தை கையொப்பமிட்டு அனுப்பிய ஒரு பிள்ளையின் விண்ணப்பமே. அந்தப் பதற்றத்தில் யாரோ ஒருவர் தீச்சுவரை நிறுத்திவிடுகிறார், இற்றைப்படுத்தலை நீக்கிவிடுகிறார், வலையமைப்பு அமைப்புகளை அடியோடு அழித்துவிடுகிறார். சில வேளை இணைப்பு மீண்டும் வருகின்றது. எதனால் வந்தது என்பது ஒருவருக்கும் தெரிவதில்லை. திறந்துவிடப்பட்ட கதவு திறந்தபடியே கிடக்கின்றது.

ஆகவே இற்றைப்படுத்தல் என்பது யாது என்பதை முதலில் தெளிதல் நன்று. பணிசெயல் முறைமை, கணினியின் உறுப்புகளையும் அதில் இயங்கும் செயலிகளையும் ஒழுங்குபடுத்தி ஆளும் மென்பொருள். பாடசாலைகளில் மிகுதியாகக் காணப்படுவது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். அதற்கு ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்கள் வெளியாகின்றன. அமெரிக்காவில் அவை வெளியாகும் நேரம் இலங்கையில் இரவாதலின், புதன் காலையில் கணினியைத் திறப்பவரே மாற்றத்தை முதலிற் காண்பவர். இத்திருத்தங்கள் மூன்று வகைப் பணிகளைச் செய்கின்றன. பழைய பிழைகளைச் செப்பனிடுவது ஒன்று. வலையமைப்பு அட்டை, அச்சுப்பொறி முதலியவற்றை இயக்கும் செலுத்தி மென்பொருளை மாற்றுவது மற்றொன்று. மூன்றாவது, பூட்டுகளை மாற்றுவது. முதல் இரண்டையும் அறிந்தோர் பலர். மூன்றாவதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

பூட்டு மாற்றுவதன் அவசியத்தை 2017 ஆம் ஆண்டு உலகம் கண்டது. ஒரு கணினியின் கோப்புகளை மற்றொரு கணினி வலையமைப்பினூடாக எடுத்தாளுவதற்கு விண்டோஸ் கையாளும் முறைக்கு எஸ்.எம்.பி. என்பது பெயர். அதன் முதற் பதிப்பில் இருந்த ஓட்டை ஒன்றினூடாக, அவ்வாண்டு மே 12 ஆம் திகதி வன்னாக்கிரை என்னும் தீநிரல் பரவி, ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பீடித்தது. கோப்புகளை மறைகுறியாக்கிப் பணயம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் பணிகள் தடைப்பட்டன. இதிற் கருதத்தக்கது யாதெனில், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14 ஆம் திகதியே வெளியிடப்பட்டிருந்தது. தாக்கப்பட்டவை, இரண்டு மாதமாகத் திருத்தத்தை ஏற்காதிருந்த கணினிகளும், திருத்தம் கிடையாத பழைய பதிப்புகளில் இயங்கியவையுமே.

அதன் பின்னர், 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பைப் புதிதாக நிறுவியபோது, எஸ்.எம்.பி. முதற் பதிப்பு அதனோடு சேர்ந்து வரவில்லை. பழைய நகற்பொறிகளும் பழைய சேமிப்புப் பெட்டிகளும் அந்த ஒரு மொழியை மட்டுமே பேச அறிந்தவை. அவை திடீரெனத் தொடர்பிழந்தன. மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டதும், அதுகாறும் மக்களைக் கரை சேர்த்த ஓடப்பாதையின் தேவை ஒழிந்தது. துறைக்கு வந்து ஓடப்பாதையைத் தேடுபவர், போக்குவரத்தே நின்றுவிட்டது என்று முறையிடுவதில் பொருளில்லை. அவர் பாலத்துக்குச் செல்லும் வழியைக் கேட்டறிய வேண்டும். இற்றைப்படுத்தலின் பின் பழைய கோப்புறை திறவாமைக்குக் காரணம் பல வேளைகளில் இத்தகையதே.

எனினும், குற்றம் எப்போதும் பயன்படுத்துவோரிடத்தே இருப்பதாக எண்ணலாகாது. திருத்தமே பிழைப்பதும் உண்டு. 2016 டிசம்பரில், பிரித்தானியாவிலும் வேறு நாடுகளிலும் விண்டோஸ் 10 கணினிகள் பல, வலையமைப்பு முகவரி பெற மாட்டாமல் இணையத்தை இழந்தன. முறைமையின் உட்சேவை ஒன்று செயலிழந்து போனதே காரணம் எனப் பின்னர் வெளிவந்த திருத்தத்தின் குறிப்பில் மைக்ரோசொப்ட் தெரிவித்தது. 2018 மார்ச்சில் விண்டோஸ் 7 முறைமைக்கு வந்த திருத்தம், சில கணினிகளில் நிலையாக எழுதி வைக்கப்பட்டிருந்த முகவரியை அழித்துவிட்டது. 2021 இல் அச்சுப் பணியைக் கையாளும் சேவையிற் பெரும் ஓட்டைகள் காணப்பட்டன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துவந்த காலத்தில், செப்டம்பர் 14 ஆம் திகதித் திருத்தத்தின் பின், வலையமைப்பில் இணைந்த அச்சுப்பொறிகள் பல இடங்களில் ஓய்ந்தன. அச்சுப்பொறியைப் பகிரும் கணினியும் அதனைப் பயன்படுத்தும் கணினியும் ஒரே தரத்துப் பூட்டை அறிந்திருக்க வேண்டும் என்பதே புதிய விதி. ஒன்று திருத்தம் பெற்று மற்றது பெறாதிருந்த இடங்களிற் சிக்கல் நேர்ந்தது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு, அதன் புரோ வகையில், கடவுச்சொல் இன்றி விருந்தினராக நுழைந்து கோப்புகளை எடுக்கும் வழக்கத்தை மறுத்தது. கடவுச்சொல் இல்லாத பொதுக் கோப்புறையை ஆண்டுக்கணக்கிற் பயன்படுத்தி வந்த அலுவலகங்களுக்கு இது பேரிடியாக இருந்தது.

இனி, அறுந்த இடத்தைக் கண்டறியும் முறை. கல்லடிப் பாலத்தை அண்டி, நிலாக் கால இரவுகளில், துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்து மீன்பாடும் ஓசையைக் கேட்கும் வழக்கம் நேயர்கள் அறிந்ததே. ஓசை கேளாவிடில் தோணியைச் சற்று நகர்த்தி மீண்டும் கேட்பர். வலையமைப்பிலும் அத்தகைய துடுப்பு ஒன்று உண்டு. அமெரிக்கப் படைத்துறை ஆய்வுகூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதிய சிறு நிரல் அது. நீருக்கடியில் உள்ள பொருளைத் தேடும் கருவி எழுப்பும் ஒலியை நினைத்து, அதற்குப் பிங் என்று பெயரிட்டார். ஒரு முகவரிக்குச் சிறு செய்தியை அனுப்பி, மறுமொழி வருகின்றதா என்று கேட்பதே அதன் வேலை. அருகிலிருந்து தொடங்கித் தொலைவுக்குச் செல்லும் வரிசையில் இத்துடுப்பைப் பயன்படுத்தினால், ஓசை எங்கே நிற்கின்றதோ அங்கே வழி அறுந்திருக்கின்றது.

துடுப்பை எடுக்குமுன் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. பழுது ஒரு கணினிக்கா, அனைத்துக்குமா? அதே ரூட்டரோடு இணைந்த கைப்பேசியிலும் இணையம் இல்லையெனில், கணினியின் இற்றைப்படுத்தல்மீது பழிபோடுவது காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகும். எலி கம்பியைக் கடித்திருக்கலாம்; மின்னல் ரூட்டரைத் தாக்கியிருக்கலாம்; தரவுப் பொதி முடிந்திருக்கலாம். தரவுப் பொதி முடிவதற்கு இற்றைப்படுத்தலே மறைமுகக் காரணமாவதும் உண்டு. பெரிய பதிப்பு மாற்றம் ஒன்று சில கிகாபைற் அளவு தரவை இறக்கிக்கொள்வது. நான்கு கணினிகள் ஒரே இரவில் அதனைச் செய்தால் மாதத்துக்கு வாங்கிய பொதி காலைக்குள் தீர்ந்துவிடும். முறைமை பழுதடையவில்லை, உலைப்பானையின் அரிசியை அது உண்டுவிட்டது, அவ்வளவே.

பழுது ஒரு கணினிக்கே உரியது என்று தெளிந்தபின், முதற் செயல் கணினியை மீளத் தொடக்குவது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஷட் டவுன் என்பதை அழுத்தி அணைத்து மீண்டும் திறப்பதும், ரீஸ்டார்ட் என்பதை அழுத்துவதும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 முதலாக, விரைவாகத் திறக்கும் பொருட்டு, அணைக்கும்போது முறைமையின் உட்பகுதி தன் நிலையை வட்டில் எழுதிவைத்து, திறக்கும்போது அதே நிலையை மீட்டெடுக்கின்றது. ஆகையால் பழைய கோளாறும் கூடவே திரும்பி வருகின்றது. ரீஸ்டார்ட் என்பதே அனைத்தையும் புதிதாகத் தொடக்குவது. 2016 இல் இணையத்தை இழந்தோருக்கு மைக்ரோசொப்ட் முதலிற் சொன்ன அறிவுரையும் இதுவே.

அதன் பின்னும் தீராவிடில், முதற்படி கணினியின் வலையமைப்பு அட்டையை நோக்குவது. கம்பியிணைப்பாயின் சிறு விளக்கு எரிகின்றதா, கம்பியில்லா இணைப்பாயின் ரூட்டரின் பெயர் பட்டியலில் தோன்றுகின்றதா என்று காணல் வேண்டும். தோன்றாவிடில் புதிய செலுத்தி மென்பொருள் பொருந்தவில்லை என்று ஐயுறலாம். சாதன முகாமைச் சாளரத்தில், முன்னைய செலுத்திக்குத் திரும்பும் வசதி உள்ளது. இன்றேல் கணினி உற்பத்தியாளர் தரும் செலுத்தியை வேறொரு கணினியில் இறக்கிக் கொணரலாம்.

இரண்டாம்படி முகவரி. கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபிகொன்பிக் என்னும் கட்டளையை இட்டால், கணினியின் எண் முகவரியும் அதன் முகத்துவாரமாகிய ரூட்டரின் முகவரியும் தெரியும். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்குமாயின், முகவரி கேட்டு எவரும் கொடாமையால் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். வழி ரூட்டரைக்கூட எட்டவில்லை. முகவரியை விடுவித்து மீளப் பெறும் கட்டளைகளை இடுதல், ரூட்டரை அணைத்துத் திறத்தல், நிலையான முகவரி எழுதப்பட்டிருந்த கணினியாயின் அது அழிந்துவிட்டதா என்று பார்த்தல் ஆகியன இங்கே உரியவை.

மூன்றாம்படி ரூட்டருக்குப் பிங் செய்தி அனுப்புவது. மறுமொழி வந்தால் வாவிக்குள் வழி நன்று. பின்னர் 8.8.8.8 போன்ற வெளியுலக முகவரி ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். ரூட்டர் விடைதந்து வெளியுலகம் தரவில்லையெனில் முகத்துவாரம் அடைபட்டிருக்கின்றது. அது பெரும்பாலும் இணைய வழங்குநரிடம் முறையிட வேண்டிய விடயம்.

நான்காம்படி பெயர். எண் முகவரிக்கு மறுமொழி வந்து, இணையத்தளத்தின் பெயருக்கு மட்டும் வாராவிடில், பெயரை எண்ணாக மாற்றும் ஆள்களப் பெயர் முறைமையே தவறியது. கணினி நினைவில் வைத்திருக்கும் பழைய பெயர்ப் பட்டியலை அழிக்கும் கட்டளையோ, வேறொரு பெயர்ச் சேவையகத்தின் முகவரியை எழுதுவதோ போதுமானது. பெயரும் சரியாக இருந்து, தளம் பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கை தோன்றுமாயின் கணினியின் திகதியைப் பார்த்தல் வேண்டும். பழைய கணினியின் உள்மின்கலம் சோர்ந்திருந்தால், மின்சாரம் நின்று வரும்போது திகதி ஆண்டுக்கணக்கிற் பின்னே போய்விடும். தளங்களின் சான்றிதழ்கள் யாவும் அதற்குப் பொய்யாகத் தோன்றும்.

ஐந்தாம்படி, இணையம் செவ்வனே இருக்க, பக்கத்து அறைக் கோப்புறையோ அச்சுப்பொறியோ மட்டும் கிட்டாத நிலை. இங்கேதான் புதிய பூட்டு நினைவுக்கு வரவேண்டும். பெரிய இற்றைப்படுத்தலின் பின், அலுவலக வலையமைப்பைக் கணினி பப்ளிக், அதாவது பொது இடத்து வலையமைப்பு, என்று கருதத் தொடங்குவதுண்டு. பேருந்து நிலையத்தில் அந்நியர் நடுவே இருப்பதுபோல அது தன்னை மறைத்துக்கொள்ளும். நம்பத்தக்க அலுவலக வலையமைப்பாயின் பிரைவேட் என்று மாற்றினால் போதும். கடவுச்சொல் இல்லாக் கோப்புறையாயின், அதனை வைத்திருக்கும் கணினியில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்படுத்துவதே நேர்வழி. அச்சுப்பொறியாயின் இரு பக்கக் கணினிகளையும் ஒரே நிலைக்கு இற்றைப்படுத்த வேண்டும்.

இவ்வைந்திலும் பேணவேண்டிய ஒழுங்கு ஒன்றே. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். செய்ததைக் கொப்பியில் எழுத வேண்டும். பயன் தராவிடில் அதனைப் பழைய நிலைக்குத் திருப்பிய பின்பே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். வலையமைப்பு அமைப்புகளை முற்றாக மீட்டமைக்கும் வசதி விண்டோஸில் உண்டு. அது கம்பியில்லா இணைப்பின் கடவுச்சொல்லையும் நிலையான முகவரியையும் மறக்கச் செய்யுமாதலின் இறுதி மருந்தாகவே கொள்ளத்தக்கது. புதிய பதிப்பே ஒத்துவரவில்லையெனில், பதிப்பு மாற்றத்தின் பின் வழக்கமாகப் பத்து நாட்களுக்குள் முன்னைய பதிப்புக்குத் திரும்ப இடமுண்டு.

தீச்சுவரை நிறுத்துவதும், எஸ்.எம்.பி. முதற் பதிப்பை மீண்டும் திறப்பதும், திருத்தங்கள் வாராது தடுப்பதும் எளிய வழிகள். அவற்றைக் கூறும் நண்பர்களும் நிறைய உளர். ஆனால் ஒரு பாடசாலைக் கணினியில் இருப்பவை யாவை? பிள்ளைகளின் பெயரும் பிறந்த திகதியும், பெற்றோரின் அடையாள அட்டை எண்ணும், பல ஆண்டுப் புள்ளிப் பட்டியல்களும் அல்லவா? ஒரு நாட் காலை அச்சு எடுப்பதற்காக இவற்றின் கதவைத் திறந்து வைப்பது, நெல் அளக்க வசதியாகும் என்று களஞ்சியத்தின் கதவைக் கழற்றி வைப்பதை ஒக்கும். சோதனைக்காகத் தீச்சுவரைச் சில நிமிடம் நிறுத்த நேரினும், அதனை மீண்டும் இயக்கியதாகக் கொப்பியில் எழுதிய பின்பே எழுந்து செல்லல் வேண்டும்.

வருமுன் காக்கும் வழிகளும் உள. ரூட்டரின் முகவரி, அச்சுப்பொறியின் முகவரி, கம்பியில்லா இணைப்பின் கடவுச்சொல், நிலையான முகவரிகள் ஆகியவற்றைத் தாளில் எழுதிப் பூட்டிய இழுப்பறையில் வைக்கலாம். தரவு குறைந்த இணைப்பை, அளவிட்டுக் கட்டணம் பெறும் இணைப்பு என்று கணினிக்கு அறிவித்தால் பெரிய இறக்கங்கள் தாமே தொடங்கா. ஒரு கணினி இறக்கிய திருத்தத்தை அதே வலையமைப்பின் ஏனைய கணினிகள் பகிர்ந்துகொள்ளும் வசதியும் விண்டோஸில் இருக்கின்றது. முதலில் ஒரு கணினியில் மட்டும் திருத்தத்தை ஏற்று, இரண்டொரு நாள் பார்த்து, மற்றவற்றுக்கு அனுமதிப்பது அறிவுடைமை. விண்டோஸ் 10 முறைமைக்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் திகதி முடிவுற்றது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. ஆகவே எந்தக் கணினி எந்தப் பதிப்பில் இருக்கின்றது, எது புதிய பதிப்பை ஏற்கும், எதனை மாணவர் விவரம் வைக்கும் பணியிலிருந்து விலக்க வேண்டும் என்ற பட்டியல் ஒன்று ஒவ்வொரு பாடசாலையிலும் இருத்தல் நலம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்திய வாரம் இற்றைப்படுத்தலுக்கு உரிய காலம் அன்று. விண்டோஸ் முறைமையில் திருத்தங்களைச் சில வாரம் தள்ளிவைக்க இடமுண்டு. தள்ளிவைப்பது வேறு, தடுத்துவிடுவது வேறு. பணி முடிந்த மறுநாளே அவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். படுவான்கரைப் பிள்ளை ஒன்றின் பெயர் உரிய நாளிற் பரீட்சைத் திணைக்களத்தைச் சென்றடைய, நிபுணர் ஒருவர் வாவியைக் கடந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அருகிலிருந்து தொடங்கி ஐந்து இடங்களிற் பொறுமையோடு செவிகொடுத்துக் கேட்கும் ஒருவர் அலுவலகத்தில் இருந்தாற் போதும்.